சீட் கிடைத்த பிறகு: டெல்டா மாணவர்களின் முதல் நூறு நாட்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரியில் சீட் கிடைக்கும் நாள் வரை ஒரு பிள்ளையைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் போன் செய்து எந்தெந்தப் படிப்புக்குப் போட்டிருக்கிறாய் என்று விசாரிக்கிறார். இ-சேவை மையத்தில் ஒரு அண்ணன் விண்ணப்பத்தை ஏற்றித் தருகிறார். கவுன்சிலிங்குக்கு மாமா கூட வருகிறார். அட்மிஷன் போட்டு, பணம் கட்டி, ரசீதைப் பையில் வைத்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதற்கடுத்த நூறு நாட்களில்தான் அந்தப் பிள்ளை கல்லூரியில் ஊன்றிக்கொள்ளுமா, பேருக்கு வந்துபோகுமா, பாதியில் நின்றுவிடுமா என்பது ஏறத்தாழ முடிவாகிறது. அந்த நூறு நாட்களுக்கு ஒரு பிள்ளையை எப்படித் தயார்செய்வது என்று காவிரி டெல்டாவை வைத்துப் பார்ப்போம்.

சீட் வாங்கித் தரும் வேலையைத் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்துவிடலாம். விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்தே 50 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டு 9 அன்று. புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் இருக்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நம் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்; தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அவர் பெயரில் முன்பு இருந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டம். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு மாதாமாதம் கொடுக்கும் பணமாக மாறியது, என்னைக் கேட்டால், இந்தப் பகுதிப் பெண் பிள்ளைகளுக்கு நடந்த பெரிய நல்ல காரியம்.

இவற்றின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். டெல்டாவிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1854இல் பள்ளியாகத் தொடங்கி, பிறகு தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்றே பெயர் வாங்கிய கும்பகோணம் அரசுக் கலைக்கல்லூரி, தஞ்சாவூரில் சரபோஜி, குந்தவை நாச்சியார், பூண்டியில் புஷ்பம், மன்னம்பந்தலில் ஏ.வி.சி., மேலையூரில் பூம்புகார் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க., மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி, அதிராம்பட்டினத்தில் காதர் முகைதீன் என்று ஒரு பஸ் தூரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த வகுப்புகளில் உட்காருகிறவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களுக்கு அறிவிலோ உழைப்பிலோ குறை கிடையாது. கல்லூரி எப்படி நடக்கிறது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பா படித்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும் விஷயங்கள் இங்கே யாராவது மெனக்கெட்டுச் சொன்னால்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். பிளஸ் டூ வருஷத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதுவது, ஒரு நாள் வரவில்லையென்றால் வீட்டுக்கு போன், மதிப்பெண் குறைந்தால் அம்மாவைக் கூட்டி வரச் சொல்வது. எதைப் படிக்க வேண்டும், எப்போது படிக்க வேண்டும், எவ்வளவு படித்தால் போதும் என்ற மூன்றையும் ஆசிரியரே முடிவு செய்தார். ஜூன் முடிந்து ஜூலை பிறந்தால் அந்த மூன்றும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து உட்காருகின்றன. வந்து உட்கார்ந்ததையும் யாரும் சொல்வதில்லை. கல்லூரியில் ஒரு பீரியடுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த நாளும் ஒன்றும் ஆகாது. "ஆஹா, இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது" என்று ஆகஸ்டில் தோன்றும். நவம்பரில் ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போதுதான் கேட்பார்கள்.

அட்டெண்டன்ஸ் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், நாளுக்கு 5 பீரியடு என்றால் மொத்தம் 450 மணி. தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். அதற்குக் கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுதலாம். ரொம்பக் குறைந்தால் அந்தச் செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. 25 சதவீதம் என்பது 112 மணி, அதாவது ஏறக்குறைய 22 நாள். கேட்கும்போது நிறைய இருப்பது போலத் தெரியும். ஊர்க் கோயில் திருவிழா, சித்தி வீட்டுக் கல்யாணம், ஒரு வாரக் காய்ச்சல், அறுவடைக்கு வீட்டில் ஆள் இல்லாத நாலு நாள் என்று கழித்தால் பாதிக்கு மேல் போய்விடும். இன்னொரு ஓட்டை இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. வருகையை மணிக்கணக்கில் எடுக்கும் கல்லூரிகளில், பஸ் தாமதமாகி முதல் பீரியடைத் தினமும் தவறவிடும் பிள்ளைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம், அதிலேயே போய்விடுகிறது. அந்தப் பிள்ளை ஒரு நாள்கூட லீவு போட்டிருக்காது. "நான் தினமும் வந்தேனே சார்" என்று கண்கலங்கி நிற்கும். அது பொய்யே இல்லை.

இன்டர்னல் மதிப்பெண் இதைவிட முக்கியம். டெல்டாக் கல்லூரிகளில் வழக்கமாக ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. செமஸ்டர் தேர்வில் குறைந்தது 30 எடுக்க வேண்டும், மொத்தத்தில் 40. பள்ளியில் இன்டர்னல் என்றால் பத்து மதிப்பெண், பெரும்பாலும் ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். அதே நினைப்பில் இங்கே வருகிறவர்கள் முதல் தேர்வை ஏதோ மாதாந்திர டெஸ்ட் என்று விட்டுவிடுகிறார்கள்; அசைன்மெண்டைக் கடைசி நாளில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். செமஸ்டர் தேர்வில் அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். இன்டர்னலில் விட்டதைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாலான இடங்களில் அவ்வளவு எளிதில்லை. முதல் வகுப்புக்கு 60 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னலில் 20 வாங்கியவருக்கு 75க்கு 40 போதும். 8 வாங்கியவருக்கு 52 வேண்டும். இரண்டு பேரும் ஒரே அளவு படித்திருந்தாலும் ஒருவர் ஜூலையிலிருந்தே படித்தார், இன்னொருவர் அக்டோபரில் ஆரம்பித்தார். இந்த ஒரு கணக்கைச் சேர்க்கை நாளன்றே பேப்பரில் போட்டுக் காட்டிவிட்டால் போதும், பல பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள்.

அப்புறம், எந்தத் தாளை விடுகிறார்கள் என்ற விஷயம். மேஜர் பாடத்தை உயிராக நினைத்துப் படிக்கும் பிள்ளைகள் பகுதி இரண்டு ஆங்கிலத்தையும் அலைட் என்ற துணைப்பாடத்தையும் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் மூன்று வருஷம் முடிந்தும் பட்டம் கைக்கு வராமல் தொங்குவது அநேகமாக அந்த ஆங்கிலத் தாளில்தான். இதற்கு டெல்டாவில் மிகப் பெரிய உதாரணம் இருக்கிறது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பேரெடுத்த ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். மற்ற பாடங்களில் தேறாததால் உதவித்தொகை நின்றுபோனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வைத் தாண்ட முடியவில்லை. உலகமே கொண்டாடிய மூளைக்கே கல்லூரியின் முதல் வருஷம் இப்படித்தான் ஆனது. மேதைகள் அப்படித்தான் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உதவித்தொகை போனால் படிப்பே போய்விடும் நிலையில் இருந்த வீட்டுப் பிள்ளை அவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி என்று ஒருவர் வந்தார். இன்றைக்குப் பி.எஸ்சி. கணிதத்தில் சேரும் பிள்ளைக்கு அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. ஆங்கிலத் தாளையும் எழுதித் தேறத்தான் வேண்டும்.

ஆங்கிலம் வெறும் தாள் மட்டும் இல்லை. அறிவியல், வணிகவியல் படிப்புகளில் பாடமே ஆங்கிலத்தில் நடக்கிறது. பத்து, பன்னிரண்டு வருஷம் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது முதல் வாரத்திலேயே இடிக்கும். தாவரவியல் வகுப்பில் ஆசிரியர் ஆஸ்மோசிஸ் என்று சொல்லி நடத்திக்கொண்டே போகிறார். சவ்வூடு பரவலைப் பற்றி இரண்டு பக்கம் தப்பில்லாமல் எழுதக்கூடிய பிள்ளை, இது ஏதோ புதிய பாடம் என்று மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறது. பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று பத்தாவது நிமிடத்தில் தெரிந்தாலும் அதற்குள் போர்டில் பாதி அழிக்கப்பட்டுவிடும். இப்படி ஒரு வாரம் போனால் "நமக்கு இது ஒத்துவராது" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது. நின்றுபோகிறவர்கள் காரணம் கேட்டால் "வீட்டில் கஷ்டம்" என்பார்கள். வீட்டில் கஷ்டம் இருப்பது உண்மைதான். ஆனால் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது, கோடை விடுமுறையிலேயே செய்யலாம். தமிழ்நாடு பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் ஒரே பாடத்திட்டத்தில், ஒரே பாட வரிசையில் வருகின்றன. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேரப்போகும் படிப்புக்குரிய பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை போனில் இறக்கிக்கொண்டு, ஏற்கெனவே படித்த தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, தினம் மூன்று நான்கு பக்கம் வாசிக்க வேண்டும். பாடம் முன்பே தெரிந்தது என்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது. படமும் சமன்பாடும் கைகொடுக்கும். ஒரு நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் அதன் ஆங்கிலப் பெயர் என்று எழுதிக்கொண்டே போனால், ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை ஒரு பாடத்துக்கு முந்நூறு சொல் தாராளமாகச் சேரும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதைவிட இது பயன்படும் என்று உறுதியாகச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் பிள்ளைக்குத் தேவை பேச்சு ஆங்கிலம் இல்லை, பாட ஆங்கிலம். பேச்சு தானாக வரட்டும், அவசரமில்லை. புரியாததைத் தமிழிலேயே எழுந்து கேட்கலாம், எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதையும் துறைத்தலைவரிடம் முதல் வாரமே கேட்டுவிட வேண்டும். படிப்புக்குப் படிப்பு, கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும்.

மற்ற மாவட்டங்களுக்குப் பொருந்தாத ஒரு விஷயம் டெல்டாவில் உண்டு. இங்கே கல்லூரியின் முதல் செமஸ்டரும் வயலின் நாட்காட்டியும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அணையில் தண்ணீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிறது. கவுன்சிலிங் நடப்பதும் அதையொட்டித்தான். சம்பா விற்ற பணம் பிப்ரவரி, மார்ச்சிலேயே கடனுக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கும். ஜூனில் விவசாய வீட்டில் பணம் வெளியேதான் போகும், உள்ளே வராது: உழவு, விதைநெல், நடவுக்கூலி, உரம். கூட்டுறவுச் சங்கத்தில் நகை போயிருக்கும். சரியாக அந்த நேரத்தில் அட்மிஷன் கட்டணம், இரண்டு செட் துணி, பை, ரெக்கார்டு நோட்டு, விடுதி என்றால் அட்வான்ஸ். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் கதை வேறு. நடவு ஓடினால் கையில் கொஞ்சம் காசு புரளும், தண்ணீர் வராத வருஷம் அதுவும் கிடையாது.

அரசு தரும் 1,000 ரூபாய் ஜூனிலேயே வந்துவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். கல்லூரி மூலம் விண்ணப்பித்து, சரிபார்த்து, கணக்கில் ஏறச் சில மாதம் ஆகலாம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைகள் அதற்கும் பின்னால். ஆகவே முதல் இரண்டு, மூன்று மாதச் செலவைக் கைப்பணத்திலிருந்து சமாளிப்பதாகவே வீட்டில் கணக்குப் போட வேண்டும். மேமாதம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாலே தெரிந்துவிடும்: பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம். இதில் தேர்வுக் கட்டணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அட்மிஷன் பணத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கடைசித் தேதி தாண்டினால் ஃபைனோடு கட்ட வேண்டும்.

பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கையும் மேமாதமே பார்த்துவிடுவது நல்லது. பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு இரண்டு வருஷமாகப் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கும். ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்காது, அல்லது அம்மாவின் பழைய போன் நம்பர் இருக்கும். டி.சி.யில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் சேர்ந்து இன்னொரு பெயர் என்று இருந்தால் அதைத் திருத்த ஒரு மாதம் அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் ஜூலையில் என்றால் வகுப்புதான் போகும். சாதிச் சான்று, வருமானச் சான்று, தொழிற்படிப்புக்கு முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில் சான்றுக்கு 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கக்கூடியவை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் நாலைந்து செட் ஜெராக்ஸ், போனில் ஒரு ஸ்கேன். இன்னொன்று: ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று போன் வந்தால் அது மோசடி. பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் அம்மாவுக்குச் சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் போன் அவரிடம்தான் இருக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை. அதே சமயத்தில் சம்பா நடவு. மிஷின் வந்தபிறகு ஆள் வேலை குறைந்திருக்கிறது என்றாலும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ராத்திரியும் பகலும் காவல் இருக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் பையன். இரண்டாவது இன்டர்னல் தேர்வு வரும் நேரம் அது. அது முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை. செமஸ்டர் தேர்வு நவம்பரில், டெல்டாவின் மோசமான மழையும் நவம்பரில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூரை போன வீட்டில் புத்தகமும் போனது. அவ்வளவு பெரிய புயல் எல்லா வருஷமும் வராது. ஆனால் பாடம் முடிவதற்குள் மழை விடுமுறை வருவது ஏறக்குறைய வருஷந்தோறும் நடக்கிறது. அதனால் டெல்டா மாணவர் படிக்க வேண்டிய மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். தேர்வுக்கு முன்னால் ஸ்டடி லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு சென்னையிலும் கோவையிலும் ஓரளவு எடுபடலாம், இங்கே எடுபடாது. நோட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வைப்பதும், முக்கியமான பக்கங்களை போனில் படம்பிடித்து வைப்பதும் இங்கே தேர்வுத் தயாரிப்பில் சேர்த்திதான்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, கைக்கு வரச் சில வாரம் ஆகும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் எப்படியும் டிக்கெட் இல்லை. காசு பிரச்சினை தீர்ந்தது, நேரப் பிரச்சினை தீரவில்லை. ஊருக்குக் காலையில் ஒன்று, அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து என்று பஸ் இருந்தால், முதல் பஸ்ஸைப் பிடிக்க அம்மா நாலரை மணிக்கு உலை வைக்க வேண்டும். சாயங்காலம் லேப் முடிய நேரமானால் கடைசி டவுன் பஸ் போய்விடும் என்று பெண் பிள்ளைகள் பாதியில் கிளம்புகிறார்கள். நூலகம் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு நாள், கவுன்சிலிங் நாளாக இல்லாமல் வேறொரு வேலை நாளில், வீட்டிலிருந்து கிளம்பி அதே பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். முதல் பீரியடுக்கு நேரத்தில் சேர முடியவில்லையென்றால் முதல் வாரமே டியூட்டரிடம், அதாவது வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம், சொல்லிவிடலாம். ஒரே தடத்தில் வரும் பத்து இருபது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கல்லூரி முதல்வர் மூலமாகப் போக்குவரத்துக் கழக டிப்போவுக்கு மனுக் கொடுத்தால் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. தனியாக ஒருவர் போய்க் கேட்டால் அவ்வளவு எடுபடாது.

சீனியர்களைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522 எந்நேரமும் இயங்கும். பகல்நேரக் கலைக்கல்லூரிகளில் அடித்து மிரட்டும் ராகிங்கைவிட இன்னொன்று அதிகம் நடக்கிறது. "எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பிக்கும். அடுத்த கேள்வி "எந்தத் தெரு?" பதிலை வைத்து இவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிடும். முதல் வாரத்தில் யாரோடு உட்கார்ந்தோமோ அவர்களோடுதான் மூன்று வருஷமும் என்று ஆகிவிடுகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லித் துறையின் பெயரையும் சொல்லி, "உங்க பழைய நோட்டு கிடைக்குமா அண்ணே?" என்று பேச்சைப் படிப்புப் பக்கம் திருப்பிவிடக் கற்றுக்கொடுக்க வேண்டும். பழைய வினாத்தாள் வைத்திருக்கும் சீனியர்தான் ஒரு ஜூனியருக்குக் கல்லூரியில் கிடைக்கும் நல்ல உறவு. மனம் ரொம்பச் சோர்ந்துபோனால், தூக்கம் வராமல் சாப்பாடு இறங்காமல் இருந்தால், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கல்லூரிகள் பங்குக்கு என்ன செய்கின்றன? மானியக் குழு 2019இல் தீக்ஷாரம்பம் என்ற பெயரில் புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்று கையேடு வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வாரம் என்று தனியே வரையறை இருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு வாரம் ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்து, குத்துவிளக்கு ஏற்றி, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று விருந்தினர் பேசுவதைக் கேட்பதாக முடிகிறது. பேசுபவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் அந்த வாரத்தில் பிள்ளைக்கு வேண்டியது வேறு. இன்டர்னல் கணக்கு, அட்டெண்டன்ஸ் கணக்கு, நூலகத்தில் புத்தகம் எடுப்பது, அந்தந்தத் துறையின் முந்நூறு ஆங்கிலச் சொற்கள், போன வருஷ வினாத்தாள் ஒன்றை வகுப்பிலேயே எழுதிப் பார்ப்பது. இதையெல்லாம் இரண்டாம் வருஷ மாணவர்களே நடத்தலாம்; ஆசிரியர் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள். பள்ளிகளும் உதவ முடியும். கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி என்று அரசு நடத்தும் வழிகாட்டி முகாம்களில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று சொல்கிறார்கள். அதே முகாமில் அதே பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன ஒரு அக்காவையும் அண்ணனையும் அரைமணி நேரம் பேசவைத்தால் அந்த முகாமுக்கு இன்னும் உயிர் வரும்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். கல்லூரியில் ராங்க் கார்டு வீட்டுக்கு வராது. பிள்ளை தினமும் பையை மாட்டிக்கொண்டு போகிறது, சாயங்காலம் வருகிறது, எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாலு அரியர் என்பது அடுத்த வருஷம்தான் தெரியும். படிக்காத அப்பா அம்மாவுக்குப் பாடம் புரிய வேண்டியதில்லை. "இன்டர்னல் எவ்வளவு போட்டாங்க, இருபத்தஞ்சுக்கு?" என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்கத் தெரிந்த அம்மா இருக்கும் வீட்டில் பிள்ளை கவனமாக இருக்கும். டியூட்டரின் பெயரையும் எண்ணையும் முதல் வாரமே வாங்கி வைத்துக்கொள்ளலாம். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

டியூட்டர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஆகஸ்டு மாதத்தைப் பற்றி. முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்ததும் மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாலே கேள்வி கேட்க வேண்டும்: எந்த பஸ்ஸில் வருகிறாய், பிளஸ் டூ எந்த வழியில் படித்தாய், ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிவிட்டதா, எந்தத் தாள் புரியவில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம், அறுபது பேர் வகுப்புக்குப் பத்து மணி நேரம். ஒரு நாளைக்கு அரைமணி ஒதுக்கினால் இருபது வேலை நாளில் முடிந்துவிடும். செப்டம்பர் முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். அக்டோபரில் அறுவடையும் மழையும் வந்துவிடும்.